பாம்பன் கரையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்: ஒரு மென்பொருள்காரனின் பதில்கள்

பாம்பனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பதினோரு வருடமாக மென்பொருள் எழுதுகிறேன். பகலில் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு சர்வர் வேலை. சாயங்காலத்தில் நண்டும் கணவாயும் எடுக்கும் வியாபாரிகளுக்கான கணக்கு ஆப். ஏலக்கரையிலும் டீக்கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவசரத்தில் பாதி பதில் சொல்லிவிட்டு வருவது மனதுக்கு ஒப்பவில்லை. அதனால் நிதானமாக எழுதி வைக்கிறேன்.

கடற்கரை ஊரில் உட்கார்ந்து இந்த வேலையைப் பார்க்க முடியுமா?

முடியும். ஃபைபர் வந்துவிட்டது, அது அறுந்தால் கைபேசி நெட் இருக்கிறது. கரண்டு போனால் யு.பி.எஸ். தாங்கும். உப்புக்காற்றுதான் பெரிய பாடு. வாடை அடிக்கும் மாதங்களில் வடக்கு ஜன்னலை ஒரு வாரம் திறந்து வைத்தால் போதும், விசைப்பலகையைத் தொடும்போதே பிசுபிசுக்கும்.

ஒரு தடவை என் நெட் வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்து, இரண்டு மாதம் நான் அதைக் கவனிக்கவே இல்லை. ரவுட்டரின் பச்சை விளக்கு வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. கடைசியில் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தால், முனையில் இருக்கும் எட்டுத் தகடுகளில் இரண்டு களிம்பேறிப் பச்சையாக நின்றன. ஜிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். நாலு கம்பி இருந்தால் 100 மெகாபிட் ஓடிவிடும். அதனால் கருவி சத்தமில்லாமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, எல்லாம் சரியாக இருப்பதுபோல விளக்கை மட்டும் எரியவிட்டது. அந்த விளக்கை நான் மறக்கவில்லை. அது கற்றுக்கொடுத்த பாடம் கீழே பல பதில்களில் வரும்.

ரவுட்டரைக் காற்று வரும் ஜன்னலில் வைக்காதீர்கள். பயன்படுத்தாத கருவிகளை மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

அண்ணே, முதலில் எந்தக் கணினி மொழி படிக்கிறது?

பைத்தான் அல்லது ஜாவாஸ்கிரிப்ட். இரண்டில் எதைத் தொட்டாலும் சரி. ஒன்றை ஆறு மாதம் விடாமல் பிடித்து, உங்கள் வீட்டில் ஒருவருக்கு உண்மையிலேயே உதவுகிற ஒரு சின்ன வேலையை அதில் செய்து முடியுங்கள்.

சிக்னல் இல்லாத இடத்தில் உங்கள் கணக்கு ஆப் எப்படி ஓடுகிறது?

முதலில் கைபேசியிலேயே எழுதிக்கொள்ளும்; நெட் கிடைத்ததும் சர்வருக்கு அனுப்பும். சொல்ல இவ்வளவுதான். செய்வதில்தான் தப்பு நடக்கும்; எனக்கும் நடந்தது.

முதல் பதிப்பு வந்த புதிதில், ஒரு வியாபாரி கரையில் நண்டை எடை போட்டு 12.4 கிலோ என்று பதிந்தார். பதிவு சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. "சேர்ந்தது" என்று சர்வர் சொன்ன பதில் திரும்பி வருவதற்குள் சிக்னல் போய்விட்டது. பதில் வரவில்லையே என்று ஆப் மறுபடி அனுப்பியது. வாரக் கணக்கு முடிக்கும் நாளில், படகுக்காரர் பெயரில் அதே 12.4 கிலோ இரண்டு முறை நின்றது. அந்தத் தப்பால் கூடுதல் பணம் கிடைத்திருக்கக்கூடியவர் அவர்தான். அவர் தன் நோட்டைக் கொண்டுவந்து, "தம்பி, இதுல ஒண்ணு என்னோடது இல்ல, அன்னைக்கு ஒரு தடவைதான் போட்டேன்" என்று விரல் வைத்துக் காட்டினார். என் மென்பொருளுக்கு இல்லாத நேர்மை அவருடைய நாற்பது பக்க நோட்டுக்கு இருந்தது.

திருத்தம் பெரியதல்ல. ஒவ்வொரு பதிவுக்கும் கைபேசியே ஒரு தனி அடையாள எண்ணைப் போட்டுவிடும். யு.யு.ஐ.டி. என்பார்கள், 128 பிட் நீளம். இரண்டு பதிவுக்கு ஒரே எண் வந்துவிடுமோ என்று நடைமுறையில் கவலைப்பட வேண்டியதில்லை. அதே எண் மறுபடி வந்தால், "இது ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது" என்று சர்வர் சொல்லுமே தவிர இன்னொரு வரி எழுதாது. எத்தனை தடவை அனுப்பினாலும் கணக்கில் ஒன்றுதான்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது திரையில் வரும் சொல். முன்பு எதை அமுக்கினாலும் "சேமிக்கப்பட்டது" என்று வந்துகொண்டிருந்தது. எங்கே சேமித்தது? இப்போது மூன்று சொல் வைத்திருக்கிறேன்: "போன்ல இருக்கு", "போய்க்கிட்டிருக்கு", "சேர்ந்திருச்சு". விலைக்குப் பக்கத்தில் அது எத்தனை மணிக்கு வந்த விலை என்றும் காட்டுகிறேன். திரையைப் பார்த்துத்தான் ஒருவர் காசை எண்ணிக் கொடுக்கிறார். நேற்றைய விலையை இன்றைய விலைபோலக் காட்டும் திரை அவரிடம் பொய் சொல்கிறது. தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் காட்டுவதுதான் என் வேலையில் பாதி.

ஈரக் கையையும் சொல்ல வேண்டும். உப்புத் தண்ணீர் பட்டால் தொடுதிரை எங்கே தொட்டோம் என்று தடுமாறும். பொத்தான்களைக் கட்டைவிரல் அகலத்துக்கு வைத்து, அழிக்கும் பொத்தானைத் தூரத்தில் ஒதுக்கிய பிறகுதான் கரையில் புகார் நின்றது.

படகு ஜி.பி.எஸ்.ஸில் இருக்கும் எண்ணைக் கைபேசி வரைபடத்தில் போட்டால் வேறு இடம் காட்டுகிறதே?

இதைக் கவனமாகப் படியுங்கள். இடத்தைப் பொறுத்து உயிருக்கே ஆபத்தான தப்பு இது.

படகுக் கருவிகள் பெரும்பாலும் பாகையும் (டிகிரி) நிமிடமுமாகக் காட்டும்படி வைக்கப்பட்டிருக்கும். 9 பாகை 16.500 நிமிடம் என்று இருக்கும். கைபேசி வரைபடம் தசமப் பாகையில் பேசும். ஒரு பாகைக்கு 60 நிமிடம். ஆகவே 16.5-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும், 0.275 வரும். சரியான எண் 9.275. அவசரத்தில் புள்ளியை மட்டும் நகர்த்தி 9.165 என்று போட்டுவிடுகிறார்கள். வித்தியாசம் 0.11 பாகை, அதாவது 6.6 நிமிடம். வடக்கு தெற்காக ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். மொத்தம் 12 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போகிறது. பாக் நீரிணையில் அந்தத் தூரத்துக்குள் எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதே மாறிப்போகலாம்.

1974-இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்திலும் எல்லைப் புள்ளிகள் பாகை, நிமிடம் என்றே எழுதப்பட்டிருக்கின்றன. யாரோ ஒரு நிரலர் அவற்றைத் தசமமாக மாற்றித்தான் வரைபடத்தில் கோடு போடுகிறார். அந்த வகுத்தல் கணக்கை நான் எழுதும்போது, கையால் ஒரு தடவை, நிரலில் ஒரு தடவை, கடலுக்குப் போகும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தடவை என்று மூன்று முறை சரிபார்ப்பேன். மூன்றாவதுதான் அதிகம் பிடிக்கும். "இந்த இடமா? இங்க தண்ணியே கிடையாது தம்பி, மணல் திட்டு" என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள்.

நாங்கள் தொழில் செய்யும் இடத்தை உங்கள் ஆப் எடுத்துக்கொள்கிறதா?

இல்லை. கணக்கு எழுத இடம் தேவையில்லை. அதனால் இருப்பிட அனுமதியையே ஆப் கேட்காது.

எங்கே மீன்பாடு கிடைத்தது என்பதை இங்கே கூடப்பிறந்த அண்ணன் தம்பிக்கே சொல்லமாட்டார்கள். கடலடியில் எந்தப் பாரில் (பாறைத் திட்டில்) மீன் நிற்கும் என்பது தலைமுறையாகச் சேர்த்த சொத்து. நகரத்தில் "அந்தரங்கம்" என்று கூட்டம் போட்டு விளக்குகிற விஷயத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த வழக்கம்தான். ஒன்று மட்டும் எச்சரிக்கிறேன்: கைபேசிக் கேமராவில் இருப்பிடம் இயங்கிக்கொண்டிருந்தால், கடலில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அந்த இடத்தின் பாகைக் கணக்கு ஒளிந்திருக்கும். மீனைத் தூக்கிப் பிடித்த படத்தை மூலக் கோப்பாகவே அனுப்பினால், மீனோடு இடமும் போய்ச் சேரும். கேமரா அமைப்பில் அதை அணைத்துவிடுங்கள்.

தனுஷ்கோடிக்குப் போனால் கைபேசியில் இலங்கை நெட்வொர்க் செய்தி வருகிறது. நேரமும் மாறிவிடுமா?

கைபேசிக்கு நாடு தெரியாது, சிக்னல்தான் தெரியும். தனுஷ்கோடியின் கோடியான அரிச்சல்முனையில் அந்தப் பக்கக் கோபுரம் பலமாகக் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். கட்டணம் ஏறாமல் இருக்க ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

நேரம் மாறாது. இரண்டு பக்கமும் யு.டி.சி. என்னும் உலகப் பொது நேரத்தை விட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஆனால் எப்போதும் அப்படி இருந்ததில்லை. இலங்கை 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதே அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்கு வந்தது. 2001-இல் தலைமன்னாரில் பதிந்த ஒரு நேரத்தை இன்றைய கணக்கில் படித்தால் அரை மணி நேரம் தவறும். நிரல் எழுதும் தம்பிகளுக்கு: நடந்துவிட்ட எதையும் யு.டி.சி.யில் சேமியுங்கள், ஊர் நேரத்தைத் திரையில் காட்டும்போது மட்டும் மாற்றுங்கள். "ரெண்டும் ஒரே நேரம்தானே" என்று இலங்கைக்கான கொழும்பு நேர மண்டலத்துக்கும் இந்தியாவுக்கான கொல்கத்தா நேர மண்டலத்துக்கும் பதிலாக ஒன்றையே போட்டுவிடாதீர்கள்.

என் பெயர் பட்டியலில் இருக்கிறது, தேடினால் வரவில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் வேதனை எனக்குத் தெரியும். நிவாரணப் பட்டியலில் தன் பெயர் கண்ணுக்குத் தெரிய, கணினி "இல்லை" என்று சொன்னதால் ஒரு அம்மா பாதி நாள் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

கீழக்கரைப் பக்கம் "மௌலவி" என்று முடியும் பெயர்கள் உண்டு. அதைச் சரியாகத் தட்டினால் கணினிக்குள் ஐந்து குறிகள்: ம, ஔகாரக் குறி, ல, வ, இகரக் குறி. பலரும் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பைப் போட்டு, பக்கத்தில் "ள" எழுத்தைத் தட்டிவிடுகிறார்கள். அப்போது ஆறு குறிகள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். கணினிக்கு வேறு வேறு சொல்.

"கொ" போன்ற எழுத்தையும் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. இந்த இரண்டையும் ஒன்றாக்க, எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடே முறை வகுத்திருக்கிறது. அதை அழைக்க ஒரு வரி போதும். ஆனால் "ள" போட்ட மௌலவியை அந்த முறை தொடாது. கொம்புக்குப் பின் வருவது உண்மையான ளகரமாகவும் இருக்கலாமே! "வெள்ளம்" என்பதில் அது ளகரம்தான். ஆகவே தேடும் இடத்தில் மட்டும் இரண்டையும் சமமாகப் பாவிக்கும்படி நாமே எழுத வேண்டும்; சேமித்த பெயரைத் திருத்தக் கூடாது. நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இதோடு இராமேஸ்வரம், ராமேசுவரம், இராமேசுவரம். செய்யது, சையது, செய்யிது. எல்லாமே அவரவருக்குச் சரியான எழுத்து. ஒருவர் பெயரை அவர் எழுதுகிறபடி ஏற்றுக்கொண்டு தேடிக் கொடுக்க வேண்டியது நிரலின் கடமை.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டிய பழைய கோப்புகள் தனி வழக்கு. அவற்றுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள். எழுத்துருதான் தமிழ் முகம் கொடுக்கிறது. எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து மாற்றாதவரை தேடல் நடக்காது.

தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினால் ஏன் கட்டணம் கூடுகிறது?

ஆங்கிலச் செய்தி ஒன்றில் 160 எழுத்து அடங்கும். தமிழ் வந்துவிட்டால் 70 குறிகள்தான், அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். "காற்று பலம், கடலுக்குப் போக வேண்டாம்" என்பதை முதல் ஐந்து சொல்லுக்குள் சொல்லிவிடுங்கள். வணக்கம் பிறகு.

கணினி படித்தவர்களுக்கும் பாம்பனில் ஏற்றும் புயல் கூண்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் கேட்டது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை. பகலில் கூண்டு, இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு. யாரிடமும் கேட்க வேண்டாம், நிமிர்ந்து பார்த்தால் போதும். 10 என்றால் பெரும் அபாயம், புயல் துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடக்கப் போகிறது. அதற்கும் மேலே 11 என்று ஒன்று எதற்கு? வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துபோய்விட்டது என்பதைச் சொல்ல. செய்தி வரவில்லை என்பதையே ஒரு செய்தியாக்கி, பட்டியலின் உச்சியில் வைத்திருக்கிறார்கள்.

நான் படித்த எந்தக் கணினிப் பாடத்தையும்விட இது எனக்கு ஆழமாகப் பதிந்திருக்கிறது. நாங்கள் எழுதும் நிரல்களில் பெரும்பாலானவை, தகவல் வராவிட்டால் கடைசியாக வந்ததையே காட்டிக்கொண்டிருக்கும், அல்லது பூஜ்யம் என்று காட்டும். வெப்பமானி அறுந்துபோனால் குளிர்பதனக் கிடங்கின் திரையில் 0 என்று வரும். எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். உள்ளே இறால் கெட்டுக்கொண்டிருக்கும். என் சர்வர்கள் நிமிடத்துக்கு ஒரு முறை "இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். மூன்று நிமிடம் சத்தமில்லை என்றால், பிழை ஏதும் வராவிட்டாலும் எனக்கு மணி அடிக்கும்.

1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைத் தனுஷ்கோடிக்குப் பக்கத்தில் கடல் கொண்டுபோனது. நூறு பேருக்கு மேல். சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றதாகவும், பிறகு இருட்டில் நகர்ந்ததாகவும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சத்தமில்லாத இடத்தை "சரி" என்று எடுத்துக்கொள்ள என்னால் முடிவதில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, பிள்ளை இனி இதைப் படிக்கலாமா?

படிக்கலாம். நானும் தினமும் பயன்படுத்துகிறேன். சலிப்பான நிரலை நொடியில் எழுதித் தருகிறது. என் பிழையையும் சில நேரம் கண்டுபிடிக்கிறது. ஆனால் ஒரு நாள், "கச்சான் எந்த மாதம் அடிக்கும்?" என்று தமிழில் கேட்டேன். இங்கே கச்சான் என்றால் மேல்காற்று. எனக்கு வந்த பதில் வேர்க்கடலை விதைப்பு பற்றி. இலங்கைத் தமிழில் வேர்க்கடலைக்கும் கச்சான் என்றே பெயர், ஆகவே அது இட்டுக்கட்டியதல்ல. என்னை உறுத்தியது வேறு: எந்தக் கச்சான் என்று அது கேட்கவில்லை. தெரிந்ததைச் சொல்லும் அதே குரலில் ஊகத்தையும் சொன்னது.

தமிழுக்கு இன்னொரு சுமையும் உண்டு. ஒரு தமிழ்க் குறி பரவலான சேமிப்பு முறையில் மூன்று பைட் எடுக்கும், ஆங்கில எழுத்து ஒரே பைட். இந்தச் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கின்றன. தமிழ் வாக்கியம் பல மாதிரிகளில் அதிகத் துண்டாகிறது, அதனால் செலவும் கூடுகிறது. நம் கரைச் சொற்கள் எழுத்தில் குறைவாக இருப்பதால் அவை கற்றதும் குறைவு.

ஆகவே பிள்ளை படிக்கட்டும். நிரல் எழுதுவதோடு, வந்த பதில் சரியா என்று சோதிக்கவும் படிக்கட்டும். அதற்குக் காற்றையும் தெரிந்திருக்க வேண்டும்.

கணக்கை எங்கே பிரதி எடுத்து வைப்பது?

2024 நவம்பர் 20-ஆம் தேதி இராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி கணினியைத் தரையில் வைத்திருந்தார். பிரதி எடுத்த ஹார்டு டிஸ்க்கும் அதே மேசையின் கீழ் டிராயரில். இரண்டும் ஒன்றாக நனைந்தன.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். மதுரையில் இருக்கும் தங்கை வீட்டு அலமாரியும் வேறு ஊர்தான். மாதம் ஒரு முறை அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

எந்த லேப்டாப் வாங்கலாம்?

16 ஜிபி நினைவகம், எஸ்.எஸ்.டி. சேமிப்பு, மாற்றக்கூடிய விசைப்பலகை. பழையது வாங்குவதில் தப்பில்லை. உப்புக்காற்றில் இருந்ததா என்று கேட்டு, கீழ்ப்பக்கத் திருகுகளில் துரு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அப்பா காலத்து ஜி.பி.எஸ். கருவியில் தேதி இருபது வருடம் பின்னால் காட்டுகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். 1980 ஜனவரி 6 முதல் ஜி.பி.எஸ். வாரங்களை எண்ணுகிறது. பழைய செய்தி அமைப்பில் அந்த எண்ணுக்கு 10 பிட்தான் இடம். 1,024 வாரம் ஆனதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அது ஏறத்தாழ 19 வருடம் 7 மாதம். 1999 ஆகஸ்டில் ஒரு முறை, 2019 ஏப்ரலில் இன்னொரு முறை அப்படிச் சுழன்றது. புது நிரல் ஏற்றப்படாத கருவிகள் அப்போது தேதியைத் தொலைத்தன. அடுத்தது 2038 நவம்பரில்.

இடத்தைக் கணக்கிடுவதற்கு வார எண் தவறுவது பொதுவாகக் குறுக்கே வராது. இருந்தாலும் உங்கள் கருவியைச் சோதித்துவிடுங்கள். கரையில் படகு கட்டியிருக்கும்போது அது காட்டும் எண்ணைக் கைபேசி எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நிமிடத்தை 60-ஆல் வகுத்து. இரண்டும் ஒத்துப்போனால் இடத்துக்கு அதை நம்பிக் கொண்டுபோகலாம். தேதி காட்டும் மூலையின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுங்கள்.